பீடி மட்டும்தான் கண்ணில் படுமா?

மேலூர்ப் பக்கம் நடந்த அந்தப் புற்றுநோய் விழிப்புணர்வு முகாம் வீடியோவை இந்நேரம் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். "பீடியை விட்டால் போதும், நுரையீரல் புற்றுநோய் உங்க ஊர்ப் பக்கமே எட்டிப் பார்க்காது" என்று சிறப்பு விருந்தினர் மைக்கில் முழங்குகிறார், கூட்டம் கைதட்டுகிறது. கைதட்டியவர்களில் பாதிப் பேர் குவாரியில் கிடந்தவர்கள். அவர்களில் ஒருவரிடமாவது "என்ன வேலை பார்த்தீங்க?" என்று யாராவது கேட்டார்களா? பதிவுச் சீட்டில் பீடிக்குக் கட்டம் இருக்கிறது, வெற்றிலைக்கு இருக்கிறது, குடிக்கு இருக்கிறது. பார்த்த வேலைக்கு இல்லை.

இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதையே பிடித்துக்கொண்டு தொங்குவீர்கள். பீடிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. நுரையீரல் புற்றுநோய்க்கு முதல் காரணம் புகைதான். 1950-லேயே லண்டனில் டோல், ஹில் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் காட்டிய விஷயம் அது. விட்டுவிட்டால் பத்து வருடத்தில் ஆபத்து ஏறக்குறைய பாதியாகும் என்பதும் உண்மை. விடுங்கள், நல்லது.

ஆனால் வேலையையும் கேளுங்கள். கல் தூசியில் இருக்கும் சிலிக்காவை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-ல் முதல் பிரிவில் வைத்தது. டீசல் புகை 2012-ல் சேர்ந்தது. கூரைத் தகட்டில் கலக்கும் கல்நாரான ஆஸ்பெஸ்டாஸ் அதற்கெல்லாம் முன்னாலேயே உண்டு. முதல் பிரிவு என்றால், புற்றுநோய் வரவைக்கும் என்பதில் சந்தேகமே இல்லாதவை. சிகரெட் புகையும் அதே பிரிவில்தான் இருக்கிறது. அதற்கு மட்டும் மேடை, மற்றதற்கு மௌனம்!

"ரெண்டும் இருந்தால் எதனால் வந்ததென்று எப்படிச் சொல்வது?" என்பார்கள். நியாயமான கேள்விதான். 1979-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, குழாய்களுக்கும் கொதிகலன்களுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் சுற்றிய தொழிலாளர்களைப் பற்றியது. இரண்டும் இல்லாதவரின் ஆபத்தை ஒன்று என்று வைத்தால், ஆஸ்பெஸ்டாஸ் மட்டும் பட்டவருக்குச் சுமார் 5 மடங்கு, புகை மட்டும் என்றால் 11 மடங்கு, இரண்டும் சேர்ந்தால் 50-ஐத் தாண்டியது. கூட்டல் கணக்கு இல்லை, பெருக்கல் கணக்கு. அப்படியென்றால் பீடி குடிக்கிற தொழிலாளியிடம்தானே வேலையை இன்னும் அழுத்திக் கேட்க வேண்டும்? இங்கே தலைகீழ். பீடி என்று சொன்னதும் பேனாவை மூடிவிடுகிறார்கள்.

என் தாய்மாமாவுக்கு அப்படித்தான் மூடினார்கள். குவாரியில் கம்ப்ரசர் வைத்துப் பாறையில் துளை போடுகிற வேலை அவருக்கு. தண்ணீர் விட்டுத் துளைத்தால் தூசி அடங்கும். ஆனால் தண்ணி லாரிக்குக் காசு கொடுப்பது யார்? காய்ந்த கல்லிலேயே போட்டார்கள். முகமூடி என்பது தலையில் கட்டியிருந்த அதே துண்டு. சாயங்காலம் வரும்போது புருவமும் கண் இமையும் வெள்ளையாக இருக்கும், சின்ன வயதில் அதைப் பார்த்துச் சிரிப்போம். அத்தை அந்தச் சட்டையை வேப்பமரத்தில் அடித்து உதறித்தான் துவைக்கப் போடுவார். அந்தத் தூசி யார் மூச்சுக்குள் போனது என்று எந்தச் சீட்டில் எழுதுவது?

இருமல் வந்தபோது முதலில் காசநோய் மாத்திரை. அப்புறம் ஸ்கேன், அப்புறம் அந்தப் பேர். மருத்துவர் கேட்டது ஒரே கேள்வி: "பீடி உண்டா?" மாமா தலையைக் குனிந்துகொண்டு "உண்டு சார்" என்றார். திருடிவிட்டு மாட்டிக்கொண்டவர் மாதிரி. அத்தை "குவாரியில..." என்று ஆரம்பித்தார். "பீடி குடிச்சா இப்படித்தாம்மா" என்று மருத்துவர் வெட்டிவிட்டார். சாகும்வரை மாமா தன்னையே திட்டிக்கொண்டார், குவாரிக்காரரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாவுக்கு அவர் பெரிய மாலையோடு வந்தார், அதையும் சொல்லிவிடுகிறேன்.

"குவாரியில் எத்தனையோ பேர், எல்லாருக்குமா வந்தது?" பீடி குடித்த எல்லாருக்குமா வந்தது? அதற்கு மட்டும் இந்தக் கேள்வியை ஏன் கேட்பதில்லை?

"குவாரியை மூடினால் சோறு யார் போடுவது?" மூடச் சொன்னது யார் சாமி? தண்ணீர் விடச் சொன்னேன். சரியான முகமூடி கொடுக்கச் சொன்னேன். வருடா வருடம் நெஞ்சுப் படம் எடுக்கச் சொன்னேன். அதற்கே சோறு போய்விடும் என்றால், அந்தச் சோற்றில் எவ்வளவு தூசி கலந்திருக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கோபம் அந்த விருந்தினர் மீது மட்டும் இல்லை. பீடி என்று எழுதினால் எல்லாருக்கும் வசதி. இழப்பீடு பேச்சு இல்லை, வேலையைத் தூசியோடு சேர்த்துப் பேச வேண்டியதில்லை, குற்றவாளி படுக்கையிலேயே கிடக்கிறார். சாகிறவனையே கேள்வி கேட்பது எவ்வளவு சுலபம்!

"உங்க மாமா ஒரு நாளைக்கு எத்தனை கட்டு குடிச்சார்?" என்று கீழே கேட்கக் காத்திருக்கிறவர்களே, சொல்கிறேன். அதற்கு முன் உங்கள் வீட்டு அடுப்படி மேடையில் என்ன கல் போட்டிருக்கிறீர்கள், அதை வெட்டியவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.