'அமர் சோனார் பங்களா' 1971-இல் எழுதப்பட்டதல்ல

1971 வங்கதேச விடுதலைப் போருக்காகவே தாகூர், இன்று அந்நாட்டின் தேசிய கீதமாக இருக்கும் 'அமர் சோனார் பங்களா'வை எழுதினார் என்று சொல்லியிருக்கிறீர்கள். அது தவறுங்க. தாகூர் 1941-லேயே காலமாகிவிட்டார். 1905-இல் ஆங்கிலேய வைஸ்ராய் கர்சன் வங்கத்தை இரண்டாகப் பிரித்தபோது பிறந்த பாட்டு இது. மெட்டு, இன்றைய வங்கதேசத்திலுள்ள ஷிலைதஹா என்ற ஊர்ப் பக்கம் தபால் கொடுத்துக்கொண்டிருந்த ககன் ஹர்கராவின் பாவுல் பாட்டிலிருந்து (வங்கத்து நாடோடிப் பாடகர்களின் பாட்டு வகை) வந்தது. அந்தத் தபால்காரர் பெயரைப் பலரும் விட்டுவிடுவதுதான் எனக்கு வருத்தம். பாட்டில் போர் முழக்கமே இல்லை. மாந்தோப்பின் வாசம், விளைந்த வயல், தாயின் முகம் வாடினால் பெருகும் கண்ணீர், அவ்வளவுதான். வங்கதேசம் அப்போது கிழக்குப் பாகிஸ்தானாக இருந்தது; 1967-இல் பாகிஸ்தான் அரசு வானொலியில் தாகூர் பாடல்களை நிறுத்தப் பார்த்தது. டாக்கா எழுத்தாளர்களும் கலைஞர்களும் எதிர்த்து நின்றார்கள். 1971 போரில் 'அமர் சோனார் பங்களா'வையே மக்கள் பாடினார்கள். 1972-இல் அதன் முதல் பத்து வரிகள் தேசிய கீதமாயின.