வீடியோ வேண்டும், எடுத்தவன் வேண்டாம்

மட்டக்களப்பு மாவட்டத்துப் புலிபாய்ந்தகலில், வெள்ளத்தில் சனம் உயிர்காப்பு அங்கி இல்லாமல் படகில் ஏறிய வீடியோவைப் பற்றித்தான். பார்க்காதவர்கள் இருக்க மாட்டீர்கள், வாட்ஸ்அப்பைத் திறந்தால் அதுதானே வந்து விழுகிறது. எடுத்த தம்பி யார் என்பது எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாது. தெரியவும் வழியில்லை. கொழும்புத் தொலைக்காட்சி ஒன்று அதை அப்படியே தூக்கி, மூலையில் இருந்த அவனுடைய பக்கத்தின் பெயரை மறைத்து, அதற்கு மேலேயே தன் லோகோவை ஒட்டி, "மட்டக்களப்பிலிருந்து எமது பிரத்தியேகக் காட்சிகள்" என்று இரவுச் செய்தியில் போட்டது.

சரி, அதைக்கூட விடுவோம். மறுநாள் அதிகாரி ஒருவர் தம்பி மேல் பொலிஸில் முறைப்பாடு கொடுத்ததும் அதே தொலைக்காட்சி ஒரு விளக்கம் சொன்னது பாருங்கள். அது "சமூக வலைத்தளங்களில் இனந்தெரியாத நபரால் பகிரப்பட்ட, உறுதிப்படுத்தப்படாத காணொளி"யாம். நேற்று எமது, இன்று இனந்தெரியாத நபர். வீடியோ வேண்டும், எடுத்தவன் வேண்டாம்.

அவன் செய்த குற்றம் என்ன? வெள்ளம் வந்தால் கிரான் - புலிபாய்ந்தகல் வீதி தண்ணிக்குள் போய்விடும், அக்கரை ஊர்களுக்குப் படகுதான் கதி. இது எல்லா மாரியிலும் நடப்பது. அன்றைக்கும் சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு படகில் ஏறுகிறது, ஒருவருக்கும் உயிர்காப்பு அங்கி இல்லை. கரையில் நிற்கும் லொறியில் அங்கிகள் கட்டுக்கட்டாக இருக்கின்றன, பொலித்தீன் உறைகூடப் பிரிக்கவில்லை. "இதை எப்ப சேர் குடுப்பீங்க?" என்று தம்பி கேட்கிறான். "படம் எடுத்த பிறகு" என்று பதில் வருகிறது. கையளிக்கும் படத்துக்கு ஆள் வரக் காத்திருந்திருக்கிறார்கள். வெட்டு ஒட்டு இல்லாமல் ஒரே ஓட்டமாக எடுத்த வீடியோ. இதில் எதை உறுதிப்படுத்த வேண்டுமாம்?

இப்போது அவன் மேல் கடமைக்கு இடையூறு என்கிறார்கள், பொய்க்கூற்று என்கிறார்கள், 2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தையும் காட்டி மிரட்டுகிறார்கள். நம் ஊடகப் பெரியவர்கள் வாய் திறக்கவில்லை. திறந்த ஒருவரும் "போன் வைத்திருப்பவன் எல்லாம் ஊடகவியலாளனா?" என்று எழுதினார். அதற்கு நூற்றுக்கணக்கில் லைக். லைக் போட்டவர்களில் என் நண்பர்களும் இருக்கிறார்கள், பெயர் பார்த்து வைத்திருக்கிறேன்.

ஐயா, ஊடக அடையாள அட்டை யாரைக் காப்பாற்றியது என்று முதலில் சொல்லுங்கள். 2004 மே 31 அன்று மட்டக்களப்பு நகரத்தில் பட்டப்பகலில் செய்தியாளர் ஐயாத்துரை நடேசனைச் சுட்டார்களே, அவரிடம் அட்டை இல்லையா? அடுத்த வருடம் ஏப்ரலில் ஊடகவியலாளர் தர்மரத்தினம் சிவராமைக் கொழும்பில் கடத்திக் கொன்று நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில் போட்டார்களே? 2006 ஜனவரியில் திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் இறந்தபோது கைக்குண்டு வெடித்தது என்றுதான் முதலில் கதை. சுப்பிரமணியம் சுகிர்தராஜன் சவச்சாலைக்குப் போய் எடுத்த படங்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயம் தெரிந்தது. படங்கள் சுடர் ஒளி பத்திரிகையில் வந்தன. அந்த மாதம் முடிவதற்குள் அவரையும் சுட்டுவிட்டார்கள். அவர் பகுதிநேரச் செய்தியாளர். உங்கள் கணக்கில் அவர் அரை ஊடகவியலாளரா?

இன்னும் பின்னுக்குப் போவோம். கிரானிலிருந்து வந்தாறுமூலை எட்டிப் பார்க்கிற தூரம். 1990 செப்டெம்பர் 5, அங்கிருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்து அகதி முகாமிலிருந்து 158 பேரை இராணுவம் கொண்டுபோனது, திரும்பவில்லை. முகாமைப் பார்த்துக்கொண்ட விரிவுரையாளர்கள் பெயர்களைக் கையால் எழுதி வைத்தார்கள், அதனால்தான் இன்றைக்கு ஒரு எண்ணாவது இருக்கிறது. நாலு நாள் கழித்துச் சத்துருக்கொண்டான் படுகொலை. அங்கிருந்து தப்பிய ஒருவர் வந்து சொன்னதால்தான் அங்கே நடந்ததே வெளியே தெரிந்தது. பேனையும் வாயும்தான் அன்றைக்கு இருந்தன. அவர்களிடம் அட்டையைக் காட்டு என்று நாம் கேட்டோமா? அன்றைக்கு ஒரு பெடியன் கையில் ஒரு போன் இருந்திருந்தால் என்று நினைக்காத குடும்பம் இந்தப் பக்கத்தில் இருக்கிறதா?

மாமா கதையைப் பலருக்கு நேரில் சொல்லியிருக்கிறேன், இங்கே எழுதியதில்லை. மாமா கல்யாண வீட்டுப் படம் எடுக்கிறவர், கல்லடியில் சின்ன ஸ்டூடியோ. சுனாமி அன்று பின்னேரம் நாவலடிப் பக்கம் கிடந்த சடலங்களைக் கையில் இருந்த பிலிம் முடியும்வரை படம் எடுத்தார். செய்திக்கு அனுப்ப இல்லை. உறவைத் தேடி வருகிறவர்களுக்குக் காட்டத்தான். ஒரு சீ.ஆர். கொப்பியில் பிரேம் இலக்கம் போட்டு, பக்கத்தில் "நீலச் சாரி, இடக்கையில் காப்பு", "ஏழு எட்டு வயதுப் பெடியன், காதில் தழும்பு" என்று பென்சிலால் எழுதி வைத்திருந்தார். சனம் வரிசையில் நின்று அந்தக் கொப்பியைப் பார்த்தது. பிறகு கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார். கழுவிப் பிரதி எடுத்துக்கொண்டு திருப்பித் தருவதாக நெகட்டிவ்களை வாங்கிப் போனார். ஒன்றும் திரும்பவில்லை. முதலாவது ஆண்டு நினைவுக்கு வந்த ஒரு பத்திரிகை இணைப்பில் அதில் மூன்று படம், அடியில் வேறொருவர் பெயர். மாமியின் பெரியம்மா அதைப் பார்த்துவிட்டு "உன்ட படமெல்லோ மனே" என்றா. மாமா இணைப்பை மடித்து வைத்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. கேஸ் போட மாமாவுக்கு வழியில்லை. எனக்கு மட்டும் அது இன்றைக்கும் ஆறவில்லை. அதனால்தான் கோபமாக எழுதுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

"போன் வீடியோவால் வந்த அழிவு தெரியாதா, அம்பாறையை மறந்துவிட்டாயா?" என்று கேட்பீர்கள். மறக்கவில்லை. 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரத்து முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்று ஒரு கூட்டம் சூழ்ந்து நின்று, சிங்களம் சரியாகத் தெரியாத மனுசனைத் தலையாட்ட வைத்துப் படம் எடுத்தது. அன்றிரவே பள்ளிவாசலை உடைத்தார்கள். பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வில் அது வெறும் மாவுக் கட்டி என்றானது. எல்லாம் உண்மை. ஆனால் அது கூட்டம் சேர்ந்து ஒருவனை மடக்கி எடுத்த வாக்குமூலம். தம்பி தனியாக நின்று அதிகாரத்தில் இருப்பவரைக் கேள்வி கேட்டான். இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறீர்கள். பொய் வீடியோவுக்கு மருந்து உண்மை வீடியோ எடுப்பவனின் கையை உடைப்பதா?

பிணங்களைப் படம் எடுக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டும் வருகிறது. 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரத்தோடு மதரசாப் பிள்ளைகள் வெள்ளத்தில் போனபோது சிலர் போட்ட படங்களைப் பார்த்து நானும் திட்டினேன். அது தப்புத்தான். அதே படங்களைத் தொலைக்காட்சிகள் போட்டபோது நீங்கள் யாரைத் திட்டினீர்கள்?

லைக்குக்காக எடுக்கிறான் என்பதற்குப் பதில் எழுத நேரம் இல்லை.

2023 அக்டோபருக்குப் பிறகு வெளிநாட்டுச் செய்தியாளர்களை இஸ்ரேல் காசாவுக்குள் சுதந்திரமாக விடவில்லை. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் எடுத்த படங்களைத்தானே கண்ணீர் இமோஜி போட்டுப் பகிர்ந்தீர்கள்? காசாப் பையன் போனோடு நின்றால் சாட்சி, கிரான் பையன் நின்றால் வேலைவெட்டி இல்லாதவன். தூரத்து வீரம் நமக்கு எப்போதும் பிடிக்கும், செலவில்லை. பக்கத்தில் நிற்பவனுக்காகப் பேசினால் நாளைக்கு பிரதேச செயலகத்தில் நம் கடிதம் நகராது, அதுதானே பயம்? பயம் என்றால் பயம் என்று சொல்லுங்கள், எனக்கும் உண்டு. 2020இல் முகநூல் பதிவுகளுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் உள்ளே போன மட்டக்களப்புச் செய்தியாளர் வெளியே வர ஒரு வருடத்துக்கு மேலானது, எல்லாருக்கும் தெரியும். பயத்துக்கு ஊடக தர்மம் என்று பெயர் வைக்காதீர்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை.

தம்பியை நாளை காலை மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார்கள், போனையும் கொண்டு வரட்டுமாம். அசல் வீடியோ பத்திரமாக வேறு இடங்களில் இருக்கிறது, தேடுகிறவர்கள் சிரமப்பட வேண்டாம். சட்டத்தரணி அக்கா வருகிறா, நானும் அவனுடைய அம்மாவும் போகிறோம். "எமது பிரத்தியேகம்" என்று போட்டவர்களும் வரலாம், ஒன்பது மணிக்கு. லோகோவையும் மறக்காமல் கொண்டு வாருங்கள், வாக்குமூலத்தின் மூலையில் ஒட்ட இடம் இருக்கும்.