இரண்டு முறை குத்திவிட்டாளாம்

அந்த வீடியோவை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எங்கள் ஏற்காட்டு மலையில் நடந்த மருத்துவ முகாமுக்கு வந்த மருத்துவ மாணவி, சர்க்கரை பார்க்க எங்கள் ஊர்ப் பாட்டியின் விரலில் குத்துகிறாள். ரத்தம் வரவில்லை. மறுபடி குத்துகிறாள். பாட்டி முகம் சுளிக்கிறார். மேலே, 'ஏழை உடம்பில் தொழில் பழகுகிறார்கள்' என்று ஒரு வரி. சேலத்து நண்பர்கள் பலர் கொதித்துப் போய்ப் பகிர்ந்திருக்கிறீர்கள்.

நான் அந்தப் பந்தலில்தான் இருந்தேன். வீடியோ நின்றபிறகு நடந்ததைச் சொல்கிறேன். காலமெல்லாம் காப்பிப் பழம் பறித்துக் காய்த்துப்போன விரல் அது. ஊசி இறங்கவில்லை. அந்தப் பெண் வெந்நீர் கேட்டு வாங்கி, பாட்டியின் கையை அதில் வைத்து நீவிவிட்டு, விரல் நுனியை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் குத்தினாள். ஒரு சொட்டு வந்தது. ஆமாம், இரண்டு அல்ல, மூன்று முறை குத்தினாள். சர்க்கரை 300-ஐத் தாண்டியிருந்தது. அதுவரை பாட்டிக்கே தெரியாது.

என் அப்பாவின் விரலில் யாரும் ஒரு முறைகூடக் குத்தவில்லை.

காலில் முள் ஏறியதே அவருக்குத் தெரியவில்லை. சர்க்கரை நரம்பை மரக்க வைத்துவிடும் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. புண் ஆறவில்லை, பச்சிலை வைத்துக் கட்டினோம். நாற்றம் வந்தபிறகு நாகலூர் வரை தூக்கி வந்து, வண்டி பிடித்து மலையிறக்கினோம். முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அவருக்குச் சர்க்கரை என்று அன்றுதான் எங்களுக்குச் சொன்னார்கள். அடுத்த பழப் பருவத்துக்கு அவர் இல்லை.

படிக்கிற பிள்ளைகள் வைத்தியம் பார்க்கலாமா என்று கேட்கிறீர்கள். அவர்கள் பார்த்தது ரத்த அழுத்தம், சர்க்கரை, எடை. மாத்திரை எழுதியது பக்கத்து மேசையில் இருந்த டாக்டர். பெரிய மருத்துவமனைக்குப் போனாலும் முதலில் உங்கள் கையைப் பிடிப்பது பயிற்சி மருத்துவர்தானே? அங்கே வராத கோபம் இங்கே ஏன் வருகிறது?

அரசு இருக்கிறதே என்கிறார் ஒரு அண்ணன். இருக்கிறது. வீடு தேடி வந்து சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்கும், 2021-ல் வந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் விடியுமுன் தோட்டத்துக்குப் போய் இருட்டித் திரும்புகிறவர்களை வாரநாளில் யார் பிடிப்பது? அந்தப் பிள்ளைகள் தங்களுக்கு இருக்கும் ஒரே விடுமுறையான ஞாயிற்றுக்கிழமையில் வந்தார்கள். அதனால்தான் பாட்டி அகப்பட்டார்.

பேனர் கட்டிப் படம் எடுப்பது எனக்கும் பிடிக்காது. ஆனால் பாட்டியின் முகத்தை அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஊருக்கெல்லாம் காட்டியது யார்?

ஒருநாள் வந்து போவதால் என்ன மாறிவிடும் என்பவர்களுக்கு: தர்மபுரி மாவட்டம் சிட்டிலிங்கியில் ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற இளம் மருத்துவத் தம்பதி 1993-ல் ஒரு கூரைக் குடிசையில்தான் வைத்தியம் தொடங்கினார்கள். அங்கிருப்பதும் எங்களைப் போன்ற மலையாளிப் பழங்குடி மக்கள்தான் (கேரளத்து மலையாளிகள் அல்ல). உள்ளூர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். இன்று அது மருத்துவமனை. அவர்களும் ஒருநாள் முதன்முதலாக வந்தவர்கள்தானே? அன்று யாராவது இப்படி ஒரு வீடியோ போட்டு விரட்டியிருந்தால்?

எங்கள் மேல் இவ்வளவு அக்கறை உள்ளவர்கள் கோடை விழாவுக்கு மட்டும் ஏன் வருகிறீர்கள்? 20 கொண்டை ஊசி வளைவிலும் கார்கள் அடைத்து நிற்க, பிரசவ வலியோடு ஒரு பெண் ஆம்புலன்ஸில் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். வழிவிடச் சொன்னதற்கு ஒருவர் என்னிடம் சண்டைக்கு வந்தார். அதை யாரும் வீடியோ எடுக்கவில்லை.

அந்த மாணவியும் அரசுப் பள்ளியில் படித்து, 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் இடம் பெற்றவள். அவளுடைய அம்மாவும் கூலிக்குப் போகிறவர் என்று என் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். ஏழை உடம்பு என்றால் என்னவென்று அவளுக்கு நீங்கள் பாடம் எடுக்கிறீர்கள். இப்போது கல்லூரியில் அவளிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்களாம்.

பாட்டியிடம் இருப்பது ஒரு மாத மாத்திரை. அடுத்த மாதம் முகாம் உண்டா என்று தினமும் கேட்கிறார். பகிர்ந்தவர்கள் இன்றே அந்த வீடியோவை நீக்குங்கள். எந்தப் பக்கத்தில் அவளைத் திட்டினீர்களோ அதே பக்கத்தில், மூன்றாவது குத்தில் என்ன தெரிந்தது என்பதையும் எழுதுங்கள்.