வைஃபை வந்துட்டா வேன் வேணாமா?
கப்பல்லயே இன்டர்நெட் வந்துட்டதால துறைமுகத்துல மாலுமிகள் இறங்கி ஓய்வெடுக்க, வீட்டுக்கு பேச இருக்கிற மாலுமிகள் மையத்துக்கெல்லாம் இனி வேலை இல்லன்னு கட்டுரையில சொல்லியிருக்கீங்க, 9 வருஷம் இன்ஜின் ரூம்ல ஓடினவன்ங்கிற முறையில அத ஒத்துக்க முடியல. கன்டெய்னர் கப்பல் பல சமயம் ஒரு நாள் கூட நிக்காது, அதுக்குள்ள எரிபொருள் நிரப்புறது (பங்கர்), சாமான் ஏத்துறது, இன்ஸ்பெக்ஷன், நம்ம டியூட்டி முறை (வாட்ச்) எல்லாம் போக கையில மிஞ்சுறது 3 மணி நேரம், டெர்மினலுக்குள்ள நடக்கவும் விடமாட்டாங்க, டாக்சிக்காரன் கேக்குற காசுக்கு பேசாம கேபின்லயே படுத்துக்கலாம். அங்கதான் கப்பல்லேர்ந்து கூட்டிட்டு போக மையம் அனுப்புற அந்த ஓசி வேன் வேணும். அப்பா தவறின சேதி வந்த மறுநாள் மையத்துலேர்ந்து ஒரு வயசான வாலண்டியர் மூச்சு வாங்க கப்பல் ஏணி (கேங்வே) ஏறி வந்து மெஸ் ரூம்ல எதிர்ல உக்காந்தார், ஆறுதல்னு ஒரு வார்த்தை சொல்லல, சிம் கார்டை தானே போனுக்குள்ள மாட்டி, ரீசார்ஜும் பண்ணி, வீட்டுக்கு பேசுப்பான்னுட்டு வெளிய போய் நின்னார். மேல கமெண்ட்ல ஒருத்தர் இதெல்லாம் மதம் பரப்புற வேலைன்னு போட்டிருக்கார், இந்த மாதிரி மையங்கள நடத்துற, 1856ல ஆரம்பிச்ச மிஷன் டு சீஃபேரர்ஸும் சரி ஸ்டெல்லா மாரிஸும் சரி சர்ச் அமைப்புங்கதான், ஆனா நீ எந்த சாமி கும்பிடுறன்னு என்ன ஒருத்தரும் கேட்டதில்ல சார். எழுதணும்னா பணத்த பத்தி எழுதுங்க, கரையில மாலுமிகளுக்கு நலவசதிய நாடுகள் வளர்க்கணும்னு, மாலுமிகளோட வேலை உரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான எம்எல்சி 2006லயே இருக்கு, அதுக்கு கப்பல்கள்கிட்ட கட்டணம் (லெவி) வாங்கலாம்னும் அதோட வழிகாட்டுதல்ல இருக்கு, ஆனாலும் நிறைய இடத்துல அந்த வேனுக்கு டீசல் போடுறதே நன்கொடையில தான்.