கம்பி அறுந்தால் என்ன மிஞ்சும்?

2018 செப்டம்பர் 18, பின்னிரவு 1.18 மணி. உட்லண்ட்ஸில் எங்கள் 14ஆம் மாடி வீட்டில் மின்விசிறி நின்ற மறுகணம் அம்மாவின் ஆக்சிஜன் இயந்திரம் வீறிட ஆரம்பித்தது. மனைவி கைபேசி வெளிச்சத்தைப் பிடித்தாள். நான் கட்டிலுக்கு அடியிலிருந்து மாற்றுச் சிலிண்டரை இழுத்து, முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு, குழாயை மாற்றிப் பொருத்தினேன். மூச்சு சீரானதும் அம்மா கேட்டார்: "இங்கேயும் கரண்ட் போகுமாப்பா?"

அன்று ஏறத்தாழ 147,000 வீடுகளும் கடைகளும் இருளில் இருந்தன. 38 நிமிடங்களில் எல்லோருக்கும் மின்சாரம் திரும்பிவிட்டது. சிங்கப்பூரில் ஒரு வாடிக்கையாளர் ஆண்டு முழுவதும் மின்சாரம் இல்லாமல் இருக்கும் நேரம் சராசரியாக ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அதனால்தான் அந்த 38 நிமிடங்கள் எனக்கு இன்றும் நினைவில் இருக்கின்றன.

இருபது ஆண்டுகளுக்கு மேல் நிலத்தடிக் கேபிள் வேலையில் இருந்தவன் நான். மறுநாள் கீழ்த்தளத்தில் கூடியவர்கள் "எந்தக் கேபிள் எரிந்தது?" என்றுதான் என்னிடம் கேட்டார்கள். எங்கள் வட்டாரத்தில் எந்தக் கேபிளும் எரியவில்லை. தீவின் மின் உற்பத்தி திடீரெனச் சரிந்தது. அதனுடன் 50 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 50 சுற்றில், நிற்க வேண்டிய மின்னோட்ட அலைவெண்ணும் சரிந்தது. முழுத் தீவும் விழுந்துவிடாமல் இருக்க, தானியங்கிக் கருவிகள் சில வட்டாரங்களைக் கழற்றிவிட்டன. கழற்றிவிடப்பட்டவற்றில் எங்கள் புளோக்கும் ஒன்று. அந்தக் கருவிகள் செய்தது சரிதான். நமக்கு வரும் மின்சாரத்தின் பெரிய துண்டு ஒன்று எந்த நேரமும் காணாமல் போகலாம் என்பதை அன்று நான் வீட்டுக்குள் இருந்தே பார்த்தேன்.

இப்போது அந்தத் துண்டுகள் இன்னும் பெரிதாகப் போகின்றன. 2035க்குள் ஏறத்தாழ 6,000 மெகாவாட் மின்சாரத்தை வெளிநாடுகளிலிருந்து கொண்டுவருவது சிங்கப்பூரின் இலக்கு. முதலில் 4,000 என்றிருந்ததை 2024இல் உயர்த்தினார்கள். இன்று நம் உச்சத் தேவையே 8,000 மெகாவாட்டை ஒட்டித்தான் இருக்கிறது. இந்தோனேசியா, கம்போடியா, வியட்நாம் ஆகியவற்றிலிருந்து வரும் திட்டங்களுக்கு எரிசக்திச் சந்தை ஆணையம் நிபந்தனையுடன் அனுமதி கொடுத்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் வடபகுதியிலிருந்து 4,000 கிலோமீட்டருக்கும் அதிகமான கடலடிக் கேபிள் வழியாக 1,750 மெகாவாட் கொண்டுவரும் திட்டத்துக்கும் அதே வகை அனுமதி கிடைத்திருக்கிறது.

நான் இதை ஆதரிக்கிறேன். நம் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இறக்குமதி செய்யப்படும் இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. 2004 ஜூன் 29ஆம் தேதி எரிவாயு வரத்து தடைப்பட்டபோது தீவின் பல பகுதிகள் இருண்டதை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆகவே, "எதற்கு அடுத்த நாட்டை நம்ப வேண்டும்?" என்று கேட்கும் நண்பர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இதுதான்: இப்போது யாரை நம்பி இருக்கிறோம்? குழாயில் வந்தாலும் கப்பலில் வந்தாலும் அந்த எரிவாயு நம் மண்ணில் கிடைப்பதில்லையே.

கம்பி போடாமல் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதை என் மனைவியின் ஊரில் பார்த்திருக்கிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆரல்வாய்மொழிப் பக்கம். ஆனி, ஆடியில் முப்பந்தல் கணவாய்க் காற்று ஆளையே தள்ளும். தமிழ்நாடு பல மணி நேர மின்வெட்டில் தவித்த ஆண்டுகளில்கூட அங்கே வரிசை வரிசையாகக் காற்றாலைகளை நிறுத்தி வைத்திருந்த நாட்கள் உண்டு. காரணம் கேட்டபோது மச்சான் சொன்னார்: "காற்று இருக்கிறது மாப்பிள்ளை, கொண்டுபோகக் கம்பி இல்லை." கேபிள் வேலை செய்து பிழைத்த எனக்கு அந்தச் சொல் எப்படி உறைத்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஆலையைச் சில மாதங்களில் நட்டுவிடலாம். உயரழுத்த வழித்தடத்துக்கு நிலம் வாங்கி, கோபுரம் நட்டு முடிக்க ஆண்டுக்கணக்கில் ஆகும். தென்னிந்தியா ஒன்றிய மின்கட்டமைப்புடன் ஒரே அலைவெண்ணில் இணைந்ததே 2013 டிசம்பர் 31ஆம் தேதி, ராய்ச்சூர் – சோலாப்பூர் 765 கிலோவோல்ட் கம்பி வழியாகத்தான்.

ஆனால் அதே வரலாற்றில் எதிர்ப்பக்கமும் இருக்கிறது. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியா இருண்டது. இரண்டாம் நாளில் ஏறத்தாழ 60 கோடி மக்கள் வாழும் பகுதிகள் பாதிக்கப்பட்டன. தெற்கு விழவில்லை. அன்று தெற்கை மற்ற பகுதிகளுடன் இணைத்திருந்தது நேர்திசை மின்னோட்டத் (டிசி) தொடர்பு. வீட்டுக்கு வரும் வகையான மாறுதிசை மின்னோட்டத்தில் (ஏசி) இணைந்த கட்டமைப்புகள் ஒரே கயிற்றில் கட்டிய படகுகள். ஒன்று மூழ்கினால் மற்றவற்றையும் இழுக்கும். நேர்திசைத் தொடர்பு எவ்வளவு மின்சாரம் கடக்க வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும். அந்தப் பக்கத்துத் தடுமாற்றத்தை இந்தப் பக்கம் கடத்தாது. சிங்கப்பூருக்கு வரவிருக்கும் நீண்ட கடலடிக் கேபிள்கள் இந்த வகையாக இருப்பது எனக்கு ஆறுதல். தடுமாற்றம் தொற்றாது. அறுந்துபோவதை மட்டும் அதுவும் தடுக்காது.

டாஸ்மேனியாவைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவின் அந்தத் தீவுக்கு வெளியுலகத்துடன் இருந்த ஒரே மின்தொடர்பு பாஸ்லிங்க் என்ற கடலடிக் கேபிள். 2015 டிசம்பரில் அது பழுதானது. அந்த நேரம் பார்த்து மழை பொய்த்திருந்தது; தீவின் மின்சாரமோ பெரும்பாலும் நீர்மின்சாரம். அணைகளின் நீர் 13 விழுக்காடு வரை இறங்கியது. டீசல் ஜெனரேட்டர்களை வரவழைத்தார்கள். எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது, ஓட்டத்தை நிறுத்தி விற்றுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த எரிவாயு மின்நிலையம் ஒன்றை அவசரமாக மீண்டும் இயக்க வேண்டி வந்ததுதான். கேபிள் 2016 ஜூனில்தான் திரும்பியது. ஆறு மாதங்கள்! நிலத்தில் ஒரு கேபிள் பழுதானால் குழி தோண்டி இணைப்புப் போட்டுச் சில நாட்களில் சரிசெய்துவிடுவோம். கடலில் முதலில் பழுது எந்த இடத்தில் என்று தேட வேண்டும். அதற்குரிய கப்பல் கிடைக்க வேண்டும். அலை அடங்க வேண்டும்.

2024 டிசம்பர் 25ஆம் தேதி பின்லாந்துக்கும் எஸ்டோனியாவுக்கும் இடையிலான 650 மெகாவாட் கேபிள் செயலிழந்தது. கப்பல் நங்கூரம் இழுபட்டதே காரணம் என்று சந்தேகிக்கப்பட்டது. பழுதுபார்க்கப் பல மாதங்கள் ஆயின. ஈஸ்ட் கோஸ்ட் கரையில் ஒரு மாலை உட்கார்ந்து, நங்கூரம் போட்டுக் காத்திருக்கும் கப்பல்களை எண்ணிப் பாருங்கள். நம் கேபிள்கள் அந்தக் கடலுக்கு அடியில்தான் கரையேற வேண்டும்.

ஆகவே, "எத்தனை மெகாவாட் வரும்?" என்ற கேள்வி எனக்குப் போதவில்லை. மிகப் பெரிய கேபிள் ஒன்று, மிக வெப்பமான நாளில், மாலை உச்ச நேரத்தில் அறுந்தால் தீவில் என்ன மிஞ்சும்? அந்தக் கணக்கு பொதுமக்களுக்குத் தெரிய வேண்டும். 1,750 மெகாவாட் என்பது இன்றைய உச்சத் தேவையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். அதை எத்தனை கேபிள்களாகப் பிரிப்பார்கள்? அவை ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரத்தில் படுத்திருக்கும்? ஒரே கரையில் ஏறுமா, இரண்டு மூன்று இடங்களில் ஏறுமா? ஜூரோங் தீவில் 2023இல் திறக்கப்பட்ட மின்கலத் தொகுதி அப்போது 285 மெகாவாட் மணி கொண்டிருந்தது. அந்த அளவு, 200 மெகாவாட் வீதம் ஓடினால் ஒன்றரை மணி நேரம்கூட நிற்காது. முதல் நிமிடங்களைத் தாங்க அது அருமையான ஏற்பாடு. ஆறு மாதப் பழுதுக்கு வேறு ஏற்பாடு வேண்டும். அதனால், பழைய எரிவாயு நிலையங்களைக் கேபிள் வந்த மறுநாளே கழற்றி விற்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஓடாமல் நிற்கும் ஆலைக்கும் பராமரிப்புச் செலவு உண்டு. அதை நாம் கொடுத்தே ஆக வேண்டும்.

கரையேறிய மின்சாரம் வீடு வரை வர வேண்டுமே, அதையும் பலர் மறக்கிறார்கள். நம் காலடியில், ஏறத்தாழ 60 மீட்டர் ஆழத்தில், காம்பஸிலிருந்து மே ரோடு வரையும் ஆயர் ராஜாவிலிருந்து பாய லேபார் வரையும் 35 கிலோமீட்டர் நீளத்துக்கு மின்கேபிள் சுரங்கங்கள் ஓடுகின்றன. 2012இல் தொடங்கிய வேலை, 2.4 பில்லியன் வெள்ளி செலவு. பழைய கேபிள்கள் ஆயுள் முடிந்து விழுவதற்கு முன்பே, சாலையைத் திரும்பத் திரும்பத் தோண்டாமல் மாற்ற ஒரு வழி வேண்டும் என்று முன்கூட்டியே யோசித்தவர்களை நான் மனதார மதிக்கிறேன். நிலத்தடிக் கேபிள் வேலைகளில் தமிழ்நாட்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்த தம்பிகள் எவ்வளவு வியர்வை சிந்துகிறார்கள் என்பதை நான் அருகில் இருந்து பார்த்தவன். தரவு நிலையங்கள் பெருகுகின்றன, பஸ்களும் கார்களும் மின்சாரத்துக்கு மாறுகின்றன. இறக்குமதிக் கேபிள்கள் வரும் முன்பே இந்த உள்கட்டமைப்பு மீண்டும் ஒரு சுற்று விரிவாக வேண்டும்.

மின்கட்டணம் சில காசு ஏறினால் என் நண்பர்கள் கோபப்படுவதைப் புரிந்துகொள்கிறேன். ஓய்வு பெற்றவன் நான். ஒவ்வொரு மாதமும் என் கட்டணச் சீட்டையும் கூட்டிப் பார்க்கிறேன். மின்சாரம் தயாரிக்கும் செலவுக்கு அடுத்ததாக நம் கட்டணத்தில் அடங்கியிருப்பது இந்தக் கேபிள்களுக்கும் துணைமின்நிலையங்களுக்குமான செலவு. அந்தப் பங்கு கூடினால் நான் முணுமுணுக்காமல் கட்டுவேன். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசு இப்போது வழங்கும் பயனீட்டுக் கட்டணத் தள்ளுபடி அதற்கேற்ப உயர வேண்டும் என்றும் கேட்பேன்.

ஆசியான் மின்கட்டமைப்பு என்ற கனவைத் தலைவர்கள் 1997இலேயே முன்வைத்தார்கள். லாவோஸ் நீர்மின்சாரம் தாய்லாந்தையும் மலேசியாவையும் கடந்து முதன்முதலாகச் சிங்கப்பூருக்கு வந்தது 2022 ஜூனில், அதுவும் 100 மெகாவாட் வரைதான், ஏற்கெனவே இருந்த கம்பிகளிலேயே. இடையில் 25 ஆண்டுகள் போய்விட்டன. 2035க்கு அத்தனை காலம் இல்லை. கேபிள்கள் எங்கே கரையேறும், ஒன்று அறுந்தால் எதை வைத்துச் சமாளிப்போம் என்ற இரண்டையும் நாடாளுமன்றத்தில் கேளுங்கள் என்று என் தொகுதி உறுப்பினரிடம் அடுத்த மக்கள் சந்திப்பில் எழுதிக் கொடுக்கப் போகிறேன். உங்கள் வீட்டிலும் மின்சாரத்தை நம்பி மூச்சுவிடும் ஒருவர் இருந்தால், உங்கள் உறுப்பினரிடமும் கேளுங்கள்.