அஸ்பெஸ்டஸ் சீட்டை அறுத்தவன் பெயர் எந்தப் பதிவேட்டில்?

2017 டிசம்பரில், பொதியில் வண்டு இருந்தது என்று சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது நினைவிருக்கும். கூரைச் சீட்டுகளில் சேர்க்கும், தூசியாகிச் சுவாசித்தால் நுரையீரலைக் கெடுக்கும் அஸ்பெஸ்டஸ் நாரின் இறக்குமதியைக் கட்டுப்படுத்த நம் அரசு முடிவெடுத்திருந்த நேரம் அது. அஸ்பெஸ்டஸும் பெரும்பாலும் ரஷ்யாவிலிருந்துதான் வருகிறது. சில நாட்களில் தேயிலைத் தடையும் நீங்கியது, அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாடும் ஒத்திப்போனது. வண்டு மட்டும்தான் காரணம் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. நம் கொழுந்தை விற்க நம் சுவாசத்தைப் பேரம் பேசினார்கள் என்றே படுகிறது.

அமெரிக்காவில் அஸ்பெஸ்டஸ் நட்டஈட்டு வழக்குகள் பெருகியதற்கு வழக்கறிஞர்களின் பேராசைதான் காரணம் என்பார்கள். கொஞ்சம் உண்மை, உடல்நலம் பெரிதாகக் கெடாதவர்களும் வரிசையில் நின்றார்கள். ஆனால் வாசலைத் திறந்துவிட்டவர்கள் கம்பெனிக்காரர்களே. இதைப் பற்றி எவ்வளவு குறைவாகப் பேசுகிறோமோ அவ்வளவு நமக்கு நல்லது என்று அந்தத் தொழிலின் முதலாளி ஒருவர் 1935 இலேயே கடிதம் எழுதியிருக்கிறார். அக்கடிதங்கள் 1970களில் வெளியே வந்தன. 1973 இல் போரெல் என்ற தொழிலாளியின் வழக்கில், ஆபத்தை எச்சரிக்காத தயாரிப்பாளர்களே பொறுப்பு என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. 1982 இல் ஜோன்ஸ்-மான்வில் என்ற பெரிய அஸ்பெஸ்டஸ் கம்பெனி வங்குரோத்து மனு கொடுத்தது. 2002 வரை வழக்குத் தொடுத்தவர்கள் சுமார் 730,000 பேர். எச்சரிக்கை அட்டை ஒட்டுவதற்கு இந்த நட்டஈட்டில் எத்தனையில் ஒரு பங்கு செலவாகியிருக்கும்?

அந்தத் தொழிலாளிகளால் பல வருடங்கள் கழித்தும் வழக்காட முடிந்தது, எங்கே, யாரிடம் வேலை செய்தோம் என்று காட்ட முடிந்ததால்தான். சங்கப் பதிவு இருந்தது, வேலை வரலாறு இருந்தது, கூட வேலை செய்தவர்கள் சாட்சி சொன்னார்கள்.

மலையகத்தில் என்ன இருக்கிறது? தூசியைச் சுவாசித்து நோய் தெரிய இருபது, நாற்பது வருடங்கள் ஆகும். அதற்குள் தோட்டமே கைமாறிவிடும். எழுபதுகளில் அரசு எடுத்தது, 1992 இல் கம்பெனிகளிடம் கொடுத்தது. லயத்துக் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளின்) கூரை மாற்றும் வேலை கொந்தரப்பில், அதாவது ஒப்பந்தத்தில், போகிறது. அந்த ஆளின் பெயர் தோட்டத்தின் செக்ரோலில் (வேலையாட்களின் வரவு, சம்பளப் பதிவேட்டில்) இருக்காது. காற்றில் உடைந்த சீட்டை வீட்டுக்காரனே வாளால் அறுக்கிறான், மனைவி தூசியைக் கூட்டுகிறாள். அவர்கள் யாருடைய தொழிலாளிகள்? நட்டஈட்டு வழக்குக்கு நம் காலவரையறைச் சட்டம் தருவது, காரணம் எழுந்ததிலிருந்து இரண்டு வருடம். அது அறுத்த நாளா, நோய் தெரிந்த நாளா என்று வாதாடவே தனியாக ஒரு வழக்கு வேண்டும்!

உடையாத சீட்டின் கீழ் படுப்பவர்கள் பதற வேண்டாம். அறுக்கும்போதும், துளைக்கும்போதும், உடைக்கும்போதும் எழும் தூசிதான் விஷயம். தகரத்துக்குத் திரும்புங்கள் என்றும் சொல்லமாட்டேன். அதன் குளிரும் மழைச் சத்தமும் எங்களுக்குத் தெரியும்.

நான் கேட்பது சின்ன விஷயம். எந்த லயத்தில், எந்த வருடம், எந்தக் கம்பெனிச் சீட், யார் ஏற்றினார்கள் என்று தோட்ட அலுவலகத்தில் ஒரு பதிவேடு. அறுக்கும் முன் தண்ணீர் ஊற்றி நனைப்பது, கிரைண்டர் வைக்காமல் கைவாளால் அறுப்பது. சம்பளப் பேச்சுக்குக் கொழும்பு போகும் சங்கத் தலைவர்கள் அடுத்த தடவை இந்தப் பதிவேட்டையும் மேசையில் வைக்கட்டும். பிரதி ஒன்று சங்கத்திடமும் இருக்க வேண்டும், தோட்டம் மறுபடி கைமாறினால் தேவைப்படும்.