ஓர் அரிய பறவையும் எண்ணப்படாத ஆயிரமும்

இலையுதிர்கால வலசை சூடுபிடித்துவிட்டால், பறவை நோக்குவோரின் குழுக்களில் ஒரே பறவையின் படம் நாற்பது கோணங்களில் வந்து குவியும். வழக்கமான பாதையை விட்டு விலகி எங்கிருந்தோ வந்து இறங்கிய ஒற்றைப் பறவைக்காக விடியலுக்கு முன்பே கிளம்பி, முட்புதருக்கு முன்னால் தோளோடு தோள் உரசி நிற்கும் கூட்டத்தில் நானும் பலமுறை நின்றிருக்கிறேன். ஆகவே யாரையும் பழிப்பதற்காக இதை எழுதவில்லை. ஆனால் அந்த நாள்களின் குறிப்பேட்டை அண்மையில் புரட்டியபோது, அரிய பறவையின் பெயரையும் பார்த்த நேரத்தையும் தவிர அதில் வேறெதுவும் இல்லை. அன்று தலைக்கு மேல் தகைவிலான்கள் தெற்கு நோக்கிப் போய்க்கொண்டே இருந்தன என்பது மட்டும் மங்கலாக நினைவிருக்கிறது. அவை முப்பதா, மூவாயிரமா என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

வலசைக் காலத்தில் நாம் முதலில் எழுதிவைக்க வேண்டியவை எங்கும் காணக்கிடைக்கும் பறவைகளே என்பது என் கருத்து. அரிய பறவையைப் பதிவு செய்ய ஆள் பஞ்சமே வராது.

வழிதவறி வரும் பறவை நமக்கு என்னதான் சொல்கிறது? நெதர்லாந்துப் பறவையியலாளர் பெர்டெக் 1958-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல விளக்கம் தருகிறது. இலையுதிர்காலத்தில் நெதர்லாந்து வழியாக வலசை போய்க்கொண்டிருந்த 11,000-க்கும் மேற்பட்ட ஸ்டார்லிங் பறவைகளைப் பிடித்து, கால்களில் வளையமிட்டு, சுவிட்சர்லாந்துக்குக் கொண்டுபோய் விடுவித்தார்கள். முன்பே ஒருமுறையேனும் வலசை போய்வந்த முதிர்பறவைகள் தாங்கள் இடம் மாற்றப்பட்டதை ஈடுசெய்து, வழக்கமாகக் குளிர்காலத்தைக் கழிக்கும் பகுதியை நோக்கித் திரும்பின. முதல் பயணத்தில் இருந்த இளம்பறவைகளோ பிறவியிலேயே அமைந்த தென்மேற்குத் திசையை விடாமல் பறந்து தெற்குப் பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் போய்ச் சேர்ந்தன. இலையுதிர்காலத்தில் எதிர்பாராத இடங்களில் தென்படுபவற்றுள் இளம்பறவைகள் மிகுதியாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பக்கக்காற்று தள்ளிக்கொண்டு போனாலும், உள்ளே இருக்கும் திசைகாட்டியில் ஒரு பிசகு நேர்ந்தாலும், திருத்திக்கொள்ள அவற்றுக்கு அனுபவம் இல்லை.

இளம்பறவைகளைக் குறைத்து மதிப்பிடுவதற்காக இதைச் சொல்லவில்லை. 2022 அக்டோபரில், பிறந்து ஐந்து மாதமே ஆன பட்டைவால் மூக்கன் ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை ஏறத்தாழ 13,560 கிலோமீட்டரை, பதினொரு நாள் எங்கும் இறங்காமல் பறந்து கடந்ததைச் செயற்கைக்கோள் கருவி பதிவு செய்தது. கரைப்பறவைகளில் பல இனங்களில் முதிர்பறவைகள் முன்னதாகவே கிளம்பிவிட, குஞ்சுகள் சில வாரம் கழித்துத் தாமாகவே புறப்படுகின்றன. வளைமூக்கு உள்ளானில் ஆண்கள் முதலிலும், பெண்கள் அடுத்தும், இளையவை கடைசியிலும் வரும். அதனால், ‘உள்ளான் வந்துவிட்டது’ என்ற ஒற்றை வரியை விட, தேதியோடும் எண்ணிக்கையோடும் முதிர்பறவையா இளம்பறவையா என்ற குறிப்போடும் எழுதப்பட்ட வரி பல மடங்கு மதிப்புள்ளது. அந்த ஆண்டு அவை இனப்பெருக்கம் செய்யும் வடதுருவப் பகுதியில் குஞ்சுகள் பிழைத்தனவா என்பதை, ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு சேற்றுத் திட்டில் நின்றபடியே ஓரளவு ஊகித்துவிடலாம்.

ஏன் எண்ண வேண்டும் என்பதற்கு வட அமெரிக்கா சான்று. 1970-க்குப் பிறகு அங்கு ஏறத்தாழ 290 கோடி பறவைகள் குறைந்துவிட்டதாக 2019-இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு தெரிவித்தது. அந்த இழப்பில் 90 விழுக்காட்டுக்கும் மேலானது சிட்டுகள், கதிர்க்குருவிகள் முதலிய பன்னிரண்டு குடும்பங்களைச் சேர்ந்தது. யாரும் படம் எடுக்க ஓடாத பறவைகளே இவற்றுள் மிகுதி. தன்னார்வலர்கள் ஆண்டுதோறும் சலிப்பில்லாமல் எடுத்த கணக்கெடுப்புகளும் பறக்கும் பறவைக் கூட்டங்களையும் காட்டும் வானிலை ராடார் பதிவுகளும் இல்லையென்றால் இந்தச் சரிவு கண்ணில் பட்டிருக்காது.

சிகாகோவில் ஏரிக்கரையில் உள்ள ஒரு கண்ணாடிக் கட்டடத்தைச் சுற்றி மோதி விழுந்த பறவைகளை, அருகிலுள்ள அருங்காட்சியகத்தைச் சேர்ந்தவர்கள் 1978 முதல் சேகரித்துக் கணக்கு வைத்து வந்தார்கள். 2023 அக்டோபர் 5 அதிகாலையில் மட்டும் அங்கே ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான பறவைகள் செத்துக் கிடந்தன. இரவில் எத்தனை சன்னல்களில் விளக்கு எரிந்தது என்பதற்கும் எத்தனை பறவைகள் விழுந்தன என்பதற்கும் உள்ள தொடர்பை நிறுவ முடிந்ததற்கு, எதுவும் நடக்காத ஆயிரக்கணக்கான காலைகளிலும் யாரோ ஒருவர் அந்தக் கட்டடத்தைச் சுற்றி வந்து குறித்து வைத்ததே காரணம்.

பார்த்த பறவைகளை யாரும் பதிவு செய்யக்கூடிய இ-பேர்டு இணையதளத்தில் பட்டியலை ஏற்றும்போது, அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் குறிப்பிட்டுவிட்டீர்களா என்று ஒரு கேள்வி வரும். பலர் அதைக் கவனிக்காமல் கடந்துபோகிறார்கள். அதற்கு நேர்மையாக ‘ஆம்’ என்று சொல்லக்கூடிய பட்டியலில்தான், இல்லாத பறவைக்கும் பொருள் உண்டாகிறது. வாலாட்டியின் பெயர் அதில் இல்லையென்றால், பார்த்தவர் எழுதாமல் விட்டார் என்று ஐயப்பட வேண்டியதில்லை. அடையாளம் தெரியாததைத் தெரியவில்லை என்றே எழுதுவதற்கும் அங்கே வழி உண்டு. இனப்பெருக்கக் கால நிறங்களை இழந்து மங்கிப்போன கதிர்க்குருவியை இலைகளுக்கிடையே அரை நொடி பார்த்துவிட்டுத் துணிந்து பெயர் சூட்டுபவர்களைக் கண்டால் எனக்குப் பொறாமையும் எரிச்சலும் ஒருசேர வருகின்றன.

அரிய பறவையை முற்றிலும் ஒதுக்கச் சொல்லவில்லை. சைபீரியாவில் இனப்பெருக்கம் செய்யும் மஞ்சள்புருவக் கதிர்க்குருவி ஒருகாலத்தில் மேற்கு ஐரோப்பாவில் பெரும் செய்தியாக இருந்தது. இப்போது ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் அங்கே கணிசமாக வருகிறது. ஒவ்வொரு வருகையும் விடாமல் எழுதப்பட்டதால்தான் அந்த மாற்றம் தெரியவந்தது. நான் எதிர்ப்பது, கடலையோ மலையையோ கடந்து களைத்து இறங்கிய பறவையைச் சுற்றி வளைத்து, அது வெளியே வருவதற்காக அலைபேசியில் அதன் குரலை ஒலிக்கவிடும் வழக்கத்தை. மறுபடி கிளம்பத் தேவையான கொழுப்பைச் சேர்க்க வேண்டிய நேரத்தை, நம் படத்துக்காக அது செலவழிக்க நேர்கிறது.

இன்று காலை ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் நின்றேன். தகைவிலான் 212, மஞ்சள் வாலாட்டி 17, பெயர் தெரியாத கதிர்க்குருவி 1. ஒன்பது நாளாக அங்கே இரை தேடிக்கொண்டிருந்த உள்ளான் கூட்டம் இன்று இல்லை. இரவு வானம் தெளிந்து காற்று திசை மாறியது என்று பக்கத்தில் குறித்துவிட்டு, உள்ளானுக்கு நேராகச் சுழியம் போட்டிருக்கிறேன்.